பள்ளிக்கூடத்துத் தண்ணீர்

துவால் வீட்டுப் பெண் ஜோசெட் தேர்வுத்தாளில் எழுதியிருந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் கையிலிருந்த சிவப்புப் பேனாவைச் சுவரில் விட்டெறிந்தேன். பேனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில்தான் கோடு விழுந்தது. அதை அழிக்க வேண்டாம் என்று துப்புரவு வேலை பார்ப்பவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் இருக்கிறது.

கேள்வி இதுதான்: தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்தால் அதன் கொதிநிலை என்ன ஆகும்? அவள் எழுதிய பதில்: மாறாது.

வேறு ஊர்ப் பிள்ளை எழுதியிருந்தால் பெரிய முட்டையாகப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்திருப்பேன். இது வெர்மாண்ட்டின் வடக்கு மூலை. மார்ச் பிறந்துவிட்டால் பள்ளிக்கூடம், தேவாலயம், ஊர்க்கூட்டம் எதுவும் இங்கே கணக்கில்லை. மேப்பிள் மரத்தில் இனிப்புச் சாறு இறங்குகிறதா, இல்லையா என்பதுதான் பேச்சு. ராத்திரி உறைந்து பகலில் இளகினால் சாறு ஓடும். ஓடினால் அன்றைக்கே காய்ச்ச வேண்டும், வைத்திருந்தால் கெட்டுப்போகும். துவால் வீட்டுப் பாகு காய்ச்சும் கொட்டகையில் அப்பா அர்மாண்ட் விறகு தள்ளுவார். பதம் பார்ப்பது ஜோசெட். வெறும் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் ஏழு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால்தான் பாகு. ஆறில் இறக்கினால் நீர்த்துப் போகும், எட்டைத் தாண்டினால் ஜாடியின் அடியில் கற்கண்டாகக் கட்டிக்கொள்ளும். சர்க்கரை கெட்டிப்படக் கெட்டிப்பட தெர்மாமீட்டர் முள் மேலே ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து கண்கொட்டாமல் பார்த்து வளர்ந்தவள், என் தாளில் 'மாறாது' என்று எழுதினால் எனக்கு எரியுமா, எரியாதா?

மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன்பே அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். கண் பாதிதான் திறந்திருந்தது. தலைமுடியில் விறகுப் புகை வாசம்.

"உங்க வீட்டுல பாகு எப்படி எறக்குவே, சொல்லு."

"தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல ஏழு வந்ததும், டீச்சர்."

"ஏன் மேல போகுது?"

"தண்ணி ஆவியாப் போயிடுதில்ல? சக்கரை கெட்டிப்படுது. அதான்."

"அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிட்டுடி இங்க 'மாறாது'ன்னு எழுதினே?"

தாளை வாங்கிப் பார்த்தாள். குற்றவாளி மாதிரிப் பார்க்கவில்லை. நான்தான் ஏதோ குழம்பிப்போயிருக்கிறேன் என்பது போலப் பார்த்தாள்.

"இது கொதிநிலை டீச்சர். பள்ளிக்கூடத்துத் தண்ணி. அது எங்க சாறு. ரெண்டும் ஒண்ணா?"

தாளை அவளிடமிருந்து திரும்ப வாங்கினேன். இத்தனை வருடம் இந்த அறையில் நான் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் இந்தப் பிள்ளைகள் மண்டையில் ஒரு தனி அறைக்குள் போய்ப் படுத்திருக்கிறது. கொட்டகையில் தெரிந்துகொண்டது பக்கத்து அறையில் இருக்கிறது. நடுவில் கதவு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அன்று மத்தியானமே பள்ளி முதல்வர் ஹார்லன் பிக்கெட்டின் அறைக்குப் போனேன். ஹார்லன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பிள்ளைகள் முன்னால் அவன் 'சார்', நான் 'டீச்சர்'. கதவு சாத்தியிருந்தால் வேறு கதை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"டேய், ஜோசெட்டை என் வகுப்புலேருந்து தூக்கப் போறியாமே?"

"தூக்கறேன்னு சொல்லாதே டெல்ஃபின். மாத்தறேன். பொது அறிவியல்ல போய் நிம்மதியா உக்காரட்டும். எல்லாத் தேர்வுலயும் ஃபெயிலு. வகுப்புல தூக்கம். விடிய விடியக் காய்ச்சிட்டு வர்ற பொண்ணுக்கு உன் ரசாயனம் எங்கேருந்து மண்டைல ஏறும்?"

"அவ நர்சிங் போகணும்னு இருக்கா. கெமிஸ்ட்ரி இல்லாம பர்லிங்டன் நர்சிங் காலேஜ் வாசப்படியக்கூட மிதிக்க விடமாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்," என்றான் ஹார்லன். கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னான்.

அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஊருக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சும் தொட்டியின் மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து அர்மாண்டின் கை முழங்கை வரை வெந்துபோனது. வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது ஜோசெட்தான். அங்கே கட்டுப் போட்ட நர்ஸ் அவளை வெளியே துரத்தாமல், "இந்தத் துணியப் பிடிச்சுக்கோ, கை நடுங்காம இருக்கு உனக்கு," என்றாளாம். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. வாய் திறந்து எதுவும் கேட்காத பெண் கேட்ட ஒரே ஒரு விஷயம் அது.

"வெள்ளிக்கிழமையோட வகுப்பு மாத்தற கெடு முடியுது," என்றான் ஹார்லன். "அதுக்குள்ள இந்தப் பாடம் அவளுக்குப் புரிஞ்சிருக்குன்னு காட்டு. தாள்ல வேணாம், மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிடுவா. நானே வந்து கேக்கறேன்."

"நீயா? நீ கெமிஸ்ட்ரில என் தாளப் பாத்து எழுதினவன்டா."

"அதனாலதான் சொல்றேன். எனக்கே புரியற மாதிரி சொன்னா உன் வகுப்புலயே இருந்துக்கட்டும்."

அவன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கொட்டகை இருக்கிறது. அந்த மாதம் முழுக்க அவன் சட்டையிலும் புகைதான் மணக்கும். ஆனால் தோற்றுப்போகிற பிள்ளைக்கு எளிய வழியைக் காட்டிவிட்டால் உபகாரம் செய்துவிட்டதாக நினைக்கிற ஆள். எனக்கு அந்த உபகாரத்தைக் கண்டாலே ஆகாது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடி அலமாரிக்கு மேல் வைத்தேன். ட்ராய் என்கிற பையன் வீட்டிலிருந்து பாதி காய்ச்சின சாற்றை ஒரு கேனில் வாங்கி வைத்திருந்தேன். கரும்பலகையில் எப்போதும் இருக்கும் வாசகத்தை மட்டும் அழிக்கவில்லை: முதலில் சொல், பிறகு செய். என் வகுப்பில் எதைக் கலப்பதானாலும், எதைச் சூடாக்குவதானாலும், என்ன ஆகும் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சொல்லாமல் தொட்டால் கையில் ஒன்று போடுவேன் என்று மிரட்டுவேன், போட்டதில்லை.

"இன்னிக்கு நான் பாடம் எடுக்கப் போறதில்ல. நீங்க எனக்குப் பாகு காய்ச்சக் கத்துக் குடுங்க," என்றேன்.

"அப்ப இந்த மாசச் சம்பளம் எங்களுக்கா, டீச்சர்?" இது ட்ராய்.

"வெள்ளரி ஊறுகாய் தரேன், கடிச்சுட்டு வாய மூடிட்டிரு. சரி, அடுப்ப மூட்டினதும் முதல்ல எதப் பாப்பீங்க?"

கடைசி வரிசையில் கையில் தாடையை முட்டுக்கொடுத்திருந்த ஜோசெட் எழுந்திருக்காமலே சொன்னாள். "வெறும் தண்ணி இன்னிக்கு எத்தனைல கொதிக்குதுன்னு."

"அத ஏன் பாக்கணும்? இருநூத்திப் பன்னண்டுன்னு புத்தகத்துலயே போட்டிருக்கே."

வகுப்பே சிரித்தது.

"புத்தகம் எழுதினவரு கடலோரத்துல குடியிருந்திருப்பாரு," என்றான் ட்ராய்.

"மலைமேல சீக்கிரமே கொதிச்சிடும், டீச்சர்," என்றாள் ஜோசெட். இப்போது தாடையிலிருந்து கை விலகியிருந்தது. "அதுலயும் மழையோ பனியோ வர்ற அன்னிக்கு இன்னும் கீழ. அதப் பாக்காம ஏழு கூட்டினா பாகு கெட்டுப்போயிடும். போன வருஷம் ட்ராய் வீட்டுல ஆச்சே, கேளுங்க."

"ஏய், அத எதுக்கு இப்ப இழுக்கறே?"

பர்னரில் தண்ணீர் கொதித்தது. இருநூற்று எட்டு. வெளியே வானம் மூட்டமாக இருந்தது. பலகையின் இடது பக்கம் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன்: 'மழை வரும் நாளில் சீக்கிரம் கொதிக்கும்.' வலது பக்கம், அதற்கு நேராக: 'வளிமண்டல அழுத்தம்.' அப்புறம் சாற்றைக் கொதிக்க விட்டோம். முள் தண்ணீரைத் தாண்டி ஏறியது. 'சக்கரை கெட்டிப்பட்டால் சூடு ஏறும்' என்று இடது பக்கம். எதிரே 'கரைபொருள் கூடினால் கொதிநிலை உயரும்.' ஒவ்வொரு வரியாக இடமும் வலமும் நிரம்பிக்கொண்டே வந்தது. ஜோசெட் எழுந்து பலகைக்கு முன்னால் வந்துவிட்டாள். ஒரு பக்கம் பார்க்கிறாள், மறுபக்கம் பார்க்கிறாள். திடீரென்று நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, கொதிநிலைன்னா இதானா? இதையா மூணு வாரமா கரடியாக் கத்திட்டிருந்தீங்க?"

"ஆமாண்டி மகராசி. இதையேதான்."

அவள் சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் என் வகுப்பில் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரி. நிறுத்தத் தெரிந்தால் நான் ஏன் டெல்ஃபின் கோட்டேயாக இருக்கப் போகிறேன்?

பீக்கரில் நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. யாரும் பதறவில்லை. நான் காப்பிக்கு வைத்திருந்த பால் க்ரீமை ட்ராய் எடுத்து ஒரு சொட்டு விட்டான், எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் செய்வது போல. நுரை உடனே அடங்கியது.

"ஏன் அடங்கிச்சு?" என்றேன்.

"ஆத்திடுச்சு!" என்று மொத்த வகுப்பும் சொன்னது. இப்படி ஒரே குரலாக அவர்கள் தேசிய கீதம்கூடப் பாடியதில்லை.

"ஜில்லுன்னு இருக்கில்ல, டீச்சர்," என்று ஜோசெட் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். "சூட்டத் தணிச்சிடும். எங்கப்பா க்ரீமைப் பனிக்குள்ளயே புதைச்சு வெப்பாரு."

எங்கள் மலையில் எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். இது தப்பு. ஒரு சொட்டு க்ரீம் அத்தனை கொதிப்பை எங்கே ஆற்றுவது? நான் அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் சமர்த்தாக எழுதிக்கொள்வார்கள். வீட்டுக் க்ரீம் ஆற்றும், பள்ளிக்கூடத்துக் க்ரீம் ஆற்றாது என்று அதையும் இரண்டு அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதனால் பலகையைக் காட்டினேன்.

"முதல்ல சொல்லு. அடுத்த சொட்டு விட்டா எவ்வளவு எறங்கும்?"

"ரெண்டு டிகிரி," என்றாள் ஜோசெட், யோசிக்காமல்.

விட்டாள். நுரை அடங்கியது. முள் அசையவில்லை. தெர்மாமீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். அசையவில்லை. வேறு தெர்மாமீட்டர் கேட்டு வாங்கினாள். ட்ராய் பனிக்கட்டிக்குள் வைத்து க்ரீமைக் குளிர வைத்துக் கொண்டுவந்தான். ஊஹூம்.

வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. ஜோசெட்டின் முகம் சிவந்திருந்தது.

"அப்ப எங்கப்பா பொய் சொல்றாரா?"

"உங்கப்பா நுரை அடங்கும்னாரு. அடங்கிச்சா, இல்லியா?"

"அடங்கிச்சு."

"அது நெசம். ஏன் அடங்குதுன்னு சொன்னாரு பாரு, அதான் இடிக்குது. அத நீ கண்டுபிடி."

மணி அடித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள். "அப்ப அந்த ஏழு டிகிரியும் இப்படித்தான் சும்மாவோ?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவள் கையில் உறுதியாக இருந்தது அது ஒன்றுதான். அதைத் தொட்டுத்தான் கதவைத் திறந்தேன், இப்போது அதையே ஆட்டிவிட்டேனோ என்று பயம் வந்துவிட்டது.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. வெயில் அடித்ததால் சாறு கொட்டிக்கொண்டிருந்தது. மண்பாதைகள் எல்லாம் சேறாகி பள்ளிப் பேருந்தே பாதி வழியில் நின்றது. சாற்றுக்காக நின்றாளா, என்மேல் கோபத்தில் நின்றாளா? தெரியவில்லை. கெமிஸ்ட்ரியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டாள் என்றால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

வியாழன் சாயங்காலம் கடையில் அர்மாண்ட் துவால் எதிர்ப்பட்டார். தொடை வரை சேறு. கையில் வெண்ணெய்ப் பெட்டி.

"வாங்க டீச்சரம்மா," என்றார், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "எம் பொண்ணுக்கு என்ன மருந்து வெச்சீங்க?"

"என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? எங்கப்பா காலத்துலேருந்து க்ரீம் ஆத்தும்னுதான் எங்களுக்குத் தெரியும். இவ தெர்மாமீட்டரத் தூக்கி என் மூக்குக்கு நேரா நீட்டறா. 'எங்க எறங்குது, காட்டு'ங்கறா. என் கொட்டகைல, என் தொட்டிக்கு முன்னாடி நின்னு! அதோட விட்டாளா? வீட்டுல இருந்த வெண்ணெய்யப் பூரா நாசம் பண்ணிட்டா. காலைல ரொட்டிக்குத் தடவ ஒரு பொட்டு இல்ல."

"வெண்ணெய் எதுக்கு?"

"அத நீங்கதான் சொல்லணும். நீங்கதானே சொல்லிக் குடுக்கறீங்க?"

"நாளைக்கு வருவாளா, அர்மாண்ட்? நாளைக்கு வந்தாகணும்."

"சேத்துல வண்டி ஏறினா வருவா," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லவிதமாகச் சொன்னாரா, கெட்டவிதமாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஹார்லன் டை கட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கான சின்ன நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் நெஞ்சுவரை வந்தது. பேருந்து வந்து நின்றது. அதில் ஜோசெட் இல்லை. ஹார்லன் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிராக்டர் சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேடுகெட்ட டிராக்டர் சத்தத்தைப் போல இனிமையாக நான் எதையும் கேட்டதில்லை. பள்ளி வாசலில் அர்மாண்ட் டிராக்டரை நிறுத்த, பின்னால் நின்றுகொண்டு வந்த ஜோசெட் குதித்து இறங்கினாள். கையில் சாப்பாட்டு டப்பா. அர்மாண்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார், ரோடு இல்ல," என்றாள் ஹார்லனிடம்.

"பரவால்ல. ஆரம்பி. சக்கரை போட்டா கொதிநிலை என்னம்மா ஆகும்?"

அவள் பலகைக்குப் போனாள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தையும், கொட்டகை வார்த்தையும் கலந்து கலந்து வந்தன. வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அன்றைய சூட்டைப் பார்த்தாள். அழுத்தம் என்றாள், மூட்டம் என்றாள். கரைபொருள் கூடக் கூட முள் ஏறுவதைக் காட்டினாள். "ஏழு ஏன்னா, அந்த எடத்துல சக்கரை அந்த அளவுக்குச் சேந்திருக்கும். அதுக்குத்தான் ஏழு. சும்மா இல்ல," என்று சொல்லும்போது என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ஹார்லன் கை தட்டினான். "பிரமாதம். இதுக்கு மேல என்ன வேணும்?" எழுந்திருக்கப் போனவன் மறுபடி உட்கார்ந்தான். பீக்கரில் நுரை ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குள் இருந்த பாகு காய்ச்சுகிறவன் சும்மா இருக்கவில்லை. "கடைசியா ஒண்ணே ஒண்ணு. சுலபமானது. நுரை பொங்கறப்ப க்ரீம் எதுக்கு விடறோம்? சொல்லிடு, முடிச்சுக்கலாம்."

பாவி, அவன் நல்லெண்ணத்தில் கேட்கிறான்! போகும்போது கையில் ஒரு மிட்டாய் கொடுப்பது போலக் கேட்கிறான். அவனுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். 'ஆத்தும்னு சொல்லித் தொலைச்சிடுடி, நர்சிங் போயிடலாம்' என்று மனசுக்குள் நானே கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஜோசெட் வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஹார்லனிடம் திரும்பினாள்.

"ஆத்தறதுக்கு இல்ல, சார்."

"அட, என்னம்மா நீ?" ஹார்லன் சிரித்தான். "நான் உன் வயசுலேருந்து விட்டுட்டிருக்கேன். எங்கப்பா விட்டாரு. ஜில்லுனு ஒரு சொட்டு விட்டா அடங்குது. வேற எதுக்காம்?"

"எவ்வளவு எறங்கும், சார்?"

"என்னது?"

"சூடு எவ்வளவு எறங்கும்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் விடுங்க." பனியில் வைத்திருந்த க்ரீமை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ட்ராய் மேசைக்குக் கீழே குனிந்து வாயைப் பொத்திக்கொண்டான். ஹார்லன் என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்தேன்.

"ரெண்டு. மூணுகூட எறங்கும்."

விட்டான். நுரை அடங்கியது. குனிந்து முள்ளைப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"இந்தத் தெர்மாமீட்டர் மந்தம்," என்றான். "அதுக்குள்ள சூடேறிடுது. நீ கவனிக்கறதுக்குள்ள ஏறிடுது."

என்னிடம் செவ்வாய்க்கிழமை இந்தக் கேள்வி வந்திருந்தால் உடனே பதில் இருந்திருக்காது. உண்மையைச் சொல்கிறேன். ஜோசெட்டுக்கு இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வெண்ணெய்யை எடுத்தாள். ஒரு கரண்டியில் போட்டு பர்னர் மேல் பிடித்தாள். அது உருகி, பொரிந்து, கரண்டி விளிம்பில் புகை கிளம்பும்வரை விட்டாள்.

"இது அந்தப் பாகவிடச் சூடு, சார். இத விட்டா நுரை என்ன ஆகும்?"

ஹார்லன் நேர்மையான ஆள். யோசித்துத்தான் சொன்னான். "ஆத்தறதுதான் காரணம்னா... இன்னும் பொங்கும். வழிஞ்சிடும். பாத்து, தள்ளி நில்லு."

அவள் நுரை விளிம்பைத் தொடும்வரை காத்திருந்தாள். புகையும் வெண்ணெய்யில் ஒரே ஒரு சொட்டு விட்டாள். நுரை, க்ரீமுக்கு அடங்கியது போலவே, பொத்தென்று விழுந்தது.

செவ்வாய்க்கிழமை க்ரீமை மட்டும் பார்த்திருந்த மற்ற பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். நானும்தான் நின்றேன்.

"நுரைன்னா குமிழி," என்றாள் ஜோசெட். அவள் குரல் இப்போது தாழ்ந்துவிட்டது; பழையபடி கூச்சம் வந்துவிட்டது. "குமிழிக்கு ஒரு தோல் இருக்கு. கொழுப்பு பட்டா அந்தத் தோல் நிக்கமாட்டேங்குது. பால் வாளி கழுவறப்ப சோப்பு நுரைக்குள்ள க்ரீம் ஒட்டின கைய விட்டா நுரை செத்துப்போயிடும், பாத்திருக்கேன். அதான் இதுவும்னு நெனச்சேன். பச்சத்தண்ணி விட்டும் பாத்தேன், அது ஜில்லுன்னு இருந்தும் நுரை அப்படி அடங்கல. இதுக்குப் புத்தகத்துல என்ன பேருன்னு தெரியாது, சார். டீச்சர் இன்னும் சொல்லித்தரல."

நான் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் பலகையின் இடது பக்கம் 'குமிழியின் தோல்' என்று எழுதினேன். அதற்கு நேராக வலது பக்கம் 'மேற்பரப்பு இழுவிசை' என்று எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. இவ்வளவு வருடத்தில் நான் எவ்வளவோ பிள்ளைகளுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்காததை ஒரு பிள்ளை தானே போய்க் கேட்டு, தன் வீட்டு அடுப்பில் வைத்துப் பார்த்து, அப்பாவோடு சண்டை போட்டு, சேற்றில் டிராக்டர் ஏறிக் கொண்டுவந்து வைத்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்?

ஹார்லன் சின்ன நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தான்.

"டீச்சர்," என்றான் என்னிடம், மரியாதையாக. "ஜோசெட் இங்கயே இருக்கட்டும். எங்கயும் மாத்த வேணாம்."

"சரிங்க சார்," என்றேன் நானும்.

வகுப்பு ஓவென்று கத்தியது. ட்ராய் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி பாகைப் பனிமேல் ஊற்றி, இனிப்புக்கு இடையே ஊறுகாயைக் கடித்துச் சாப்பிடலாம் என்று வெளியே ஓடத் தயாரானான். அர்மாண்ட் வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். சிவந்த தழும்பு ஓடிய கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, புகை பட்டுவிட்டது என்று பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் சொன்னார்.

ஹார்லன் போகவில்லை. பீக்கர் பக்கத்திலேயே நின்றான். நுரை மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. அவன் கண் கரண்டியில் இருந்த வெண்ணெய் மேலேயே இருந்தது. டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டான்.

"இன்னொரு தடவை நான் விட்டுப் பாக்கட்டுமா?" என்று கரண்டிக்குக் கை நீட்டினான்.

ஜோசெட் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல சொல்லுங்க, சார்."

"விடமாட்டா, ஹார்லன்," என்றார் அர்மாண்ட் வாசலிலிருந்து. "ரெண்டு நாளா எனக்கும் இதே கதிதான். சொல்லிட்டா குடுத்துடுவா."

என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான், பழைய வழக்கத்தில், என் தாளை எட்டிப் பார்ப்பது போல. நான் தாளை மறைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"அடங்கும்," என்றான் ஹார்லன்.

"எதனால?" என்றாள் ஜோசெட்.